சம்பந்தியும் பதினான்கு சார்ஜர்களும்

1

கனடாவில் நான் வசிக்கும் நகரில் என் ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே ஒழுங்கில் நடப்பவை. ஆராதனை முடிந்து வீடு திரும்புவேன். பனிக்காலணிகளைக் கழற்றி வாசல் தட்டில் வைப்பேன். தேநீருக்குத் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டு, சமையலறைச் சுவரில் எப்போதும் தொங்கும் சார்ஜரில் என் மனைவி பியூலாவின் கைப்பேசியைப் பொருத்துவேன். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் அதன் சிறு திரையில் பேட்டரியின் படம் கோடு கோடாக நிரம்பத் தொடங்கியிருக்கும்.

அந்தக் கைப்பேசிக்கு இப்போது இணைப்பு இல்லை. இணைப்பை நிறுத்தப் பட்ட பாடு தனி. கணக்குக்கு உரியவரிடம் மட்டுமே பேசுவோம் என்றார் தொலைபேசி நிறுவனத்தின் பெண். உரியவர் இறந்துவிட்டதால்தான் நிறுத்தச் சொல்கிறேன் என்றேன். மிகுந்த அனுதாபத்துடன் வருத்தம் தெரிவித்தார். பிறகு, அதை அவரே ஒருமுறை உறுதிப்படுத்தினால் வேலை எளிதாகும் என்றார். முப்பத்திரண்டு ஆண்டுகளாக இந்நாட்டு ஆங்கிலத்தில் வாழ்ந்து வருபவன் நான். அன்று நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

இணைப்பில்லாத கைப்பேசியை நான் உயிரோடு வைத்திருப்பதற்குக் காரணம், அதில் பியூலா தன் குரலில் பதிந்து வைத்த ஒரு குறிப்பு. ஒன்றரை நிமிடம் என்று திரை சொல்கிறது. தாம்பரத்துக்குப் புறப்படவிருந்த வாரத்தில், மூட்டை கட்டுவது பற்றி எனக்காக அவள் பதிந்தது அது. அடுத்த அறையில் நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். குரல் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. அந்தப் பயணம் நடக்கவில்லை. அது பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அந்தக் குறிப்பை நான் ஓராண்டாகக் கேட்கவில்லை. கேட்பதற்கு உகந்த நாள் என்று ஒன்று வரவில்லை, அவ்வளவே. மின்சாரம் முற்றிலும் வற்றினாலும் பதிந்தது அழியாது என்பதை அறிவேன். மண்ணின் தாங்குதிறனை முப்பதாண்டுகள் பொறியியல் மாணவர்களுக்குக் கற்பித்தவனுக்கு இந்த அளவு இயற்பியல் தெரியாமலிராது. தெரிந்தும் ஒரு ஞாயிறும் நான் தவறவில்லை.

பியூலாவின் தங்கை கிரேஸ் சேலையூரில் இருக்கிறாள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அக்காவின் அடக்கத்துக்கு வருவதற்காக அவள் விண்ணப்பித்த வீசா, அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் கைக்குக் கிடைத்தது. கடவுச்சீட்டில் முத்திரை மிக அழகாக விழுந்திருப்பதாக அன்று என்னிடம் சொன்னாள். ஓராண்டு நிறைவை ஒட்டித் தன் வீட்டில் நினைவு ஜெபம் வைப்பதென்று அவள் முடிவு செய்தபோது, தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அத்தான், அக்கா குரல் அந்த செல்லுல இருக்குன்னீங்கல்ல. வரும்போது எடுத்துட்டு வாங்க. ஒரு தடவை கேக்கணும். எங்கிட்ட போட்டோ நிறைய இருக்கு. போட்டோ பேச மாட்டேங்குது."

கொண்டுவருகிறேன் என்றேன்.

2

விமானத்தில் ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட எடை எவ்வளவு என்பது பயணிகள் அனைவருக்கும் தெரியும். அதில் எவ்வளவு வெறும் கம்பி என்பதைப் பலர் கணக்கிடுவதில்லை. நான் கணக்கிட்டேன். மடிக்கணினி, புகைப்படக் கேமரா, வீடியோ கேமரா, விமானத்தில் படம் பார்க்கும் கருவி, பாட்டுக் கருவி, வழிகாட்டும் கருவி, சவரக் கருவி, பல் துலக்கும் கருவி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று நீளும் பட்டியலில் எல்லாம் சேர்த்துப் பதினான்கு சார்ஜர்கள். இவற்றுள் வழிகாட்டும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. சேலையூரில் அதை ஒருமுறை இயக்கிப் பார்த்தேன். நான் ஓர் ஏரியின் நடுவில் நிற்பதாக உறுதிபடச் சொன்னது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடம் என்றார்கள் பின்னர் வீட்டில். கருவி பொய் சொல்லவில்லை. சற்றுத் தாமதமாக வந்திருந்தது.

ஒவ்வொரு சார்ஜரின் கழுத்திலும் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றி, நீல மையில் ஒரு பெயர் எழுதியிருந்தாள் பியூலா. அவள் நூலகர். பெயர் எழுதாத பொருள் தொலைந்த பொருள் என்பது அவள் கொள்கை. ஆனால் அவள் எழுதியவை கருவிகளின் பெயர்கள் அல்ல, உறவுமுறைகள்.

இதன் தொடக்கம் மேற்குத் தாம்பரத்தில், திருமணமான முதல் ஆண்டில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில். அந்த வீட்டில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. ரேடியோ, மேசை விசிறி, இஸ்திரிப் பெட்டி மூன்றுக்கும் அதுவே கதி. காலையில் நான் கல்லூரிக்குப் புறப்படும் நேரத்தில் செய்தியும் வேண்டும், காற்றும் வேண்டும், மடிப்புக் கலையாத சட்டையும் வேண்டும். அந்தப் போட்டியைப் பியூலா ஒரே நாளில் தீர்த்து வைத்தாள். "இஸ்திரிப் பெட்டி மாப்பிள்ளை. எப்பவாவதுதான் வருவார், வந்தா சூடாத்தான் இருப்பார். மத்தவங்க எழுந்து இடம் குடுக்கணும்." ரேடியோ மச்சினன் ஆயிற்று, நாள் முழுவதும் பேசும், யாரும் கேட்பதில்லை. விசிறி வீட்டோடு இருக்கும் பெரியம்மா.

கண்டம் மாறியும் பழக்கம் மாறவில்லை. மடிக்கணினிக்குரியது 'பெரியவர்', கனமும் நிதானமும் கருதி. ரத்த அழுத்தக் கருவிக்கு 'மாமியார்'. காரணத்தை நான் கேட்கவில்லை. கேமராவும் வீடியோ கேமராவும் 'சகலை'. ஒரே நிறுவனத்தின் வீட்டிலிருந்து வந்தவை, பார்வைக்கு ஒன்று போல இருப்பவை, ஆனால் ஒன்றன் சார்ஜர் மற்றதற்குச் சேராது. சவரக் கருவிக்கு மாப்பிள்ளைப் பட்டம் இறங்கி வந்திருந்தது.

இவர்கள் அனைவருக்கும் மேலாக ஒரு கறுப்புப் பெட்டி. கனடாவின் வீட்டு மின்னழுத்தம் இந்தியாவின் அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி. துளைகளின் வடிவமும் வேறு. இங்கிருந்து அங்கே போகும் பழைய கருவிகளை அங்குள்ள மின்சாரத்தோடு சேர்த்து வைக்கும் மின்மாற்றி அது. செங்கல் கனம். பியூலா அதற்கு வைத்த பெயர் 'சம்பந்தி'. ஒத்துப்போகாத இரண்டு வீடுகளை ஒத்துப்போக வைப்பவர். தூக்கிச் சுமக்கக் கடினம், விட்டுவிட்டுப் போகவும் முடியாது. சூடானால் எல்லாரும் எழுந்து பார்க்க வேண்டும்.

பியூலாவின் கைப்பேசிச் சார்ஜரில் மட்டும் உறவுமுறை இல்லை. அதில் 'நான்' என்று எழுதியிருந்தாள்.

முதன்முறையாகத் தனியே மூட்டை கட்டினேன். புறப்படும் காலையில் எண்ணினேன், பதினான்கு இருந்தன. மறுபடி எண்ணினேன், பதினான்கே. மன நிறைவோடு பையைப் பூட்டினேன்.

3

மீனம்பாக்கத்தில் இறங்கியபோது முற்பகல். சுங்க மேசையில் என் பை எக்ஸ்ரே பெட்டிக்குள் சென்று, வெளியே வராமல் நின்றது. இளம் வயதுப் பெண் அதிகாரி ஒருவர் அதைத் திறந்தார். கம்பிகள் பாம்புப் புற்றைக் கலைத்தது போல் மேசையெங்கும் பரவின.

"சார், இவ்ளோ வயர் எதுக்கு? கடை போடப் போறீங்களா?"

"எல்லாம் சொந்த உபயோகத்துக்குத்தான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

ஒன்றை எடுத்துப் பார்த்தார். பார்வை பிளாஸ்திரியில் நின்றது. "சார், இதுல மாமியார்னு எழுதியிருக்கு."

"ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியோடது அது."

சிரிப்பை உதட்டுக்குள் நிறுத்தி அடுத்ததை எடுத்தார். "இது சகலை. இதுவும் சகலை. எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு சகலை சார். இப்படி ஒரே பையில எல்லாம் வைக்க முடியாது." பக்கத்து மேசை அதிகாரியும் எட்டிப் பார்த்தார். பெண் அதிகாரி கறுப்புப் பெட்டியைத் தூக்கி, கனம் தாளாமல் உடனே கீழே வைத்தார். "சம்பந்தி. சரியாத்தான் சார் வச்சிருக்காங்க. யார் எழுதினது?"

"என் மனைவி."

"அவங்க வரலையா?"

"இல்லை. இந்தத் தடவை வரவில்லை."

என்னை ஒரு கணம் பார்த்தார். பரப்பியிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி அவரே பைக்குள் வைத்தார். "எழுத்து நல்லா இருக்கு சார். டீச்சரா?"

"நூலகர்," என்றேன்.

வெளியே என்னை வரவேற்கக் காருடன் நின்றவர் தேவசகாயம். கிரேஸின் மகனுக்குப் பெண் கொடுத்தவர். அதாவது கிரேஸுக்கு உண்மையான சம்பந்தி. மேடவாக்கத்தில் வீடு, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் மின்பலகைப் பெட்டிகள் செய்யும் சிறிய பட்டறை. அறுபது வயது, கனத்த உடல், எந்த வேலையையும் தானே செய்தால்தான் நிம்மதி கொள்ளும் இயல்பு. என் பையைத் தூக்க முயன்று, "என்ன சார், இரும்பா?" என்றார். கைப்பிடி அறுந்துவிடும் என்று சொல்லி, கனமான சில பொருள்களை எடுத்துக் காரின் முன்னிருக்கையில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் வழியே ஜிஎஸ்டி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை.

சேலையூர் வீட்டில் கிரேஸும் அவள் கணவர் ஜெயசீலனும் வாசலுக்கு வந்து அழைத்தார்கள். காப்பி வந்தது. நான் பையைத் திறந்து பார்த்தேன். கறுப்புப் பெட்டி இல்லை.

"கிரேஸ், சம்பந்தியைக் காணோம்," என்றேன். "ஏர்போர்ட்டில் மேசை மேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது."

கிரேஸ் விழித்தாள். "என்ன அத்தான் சொல்றீங்க? இப்பதானே பின்னால கை கழுவப் போனாங்க."

நான் பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு அப்போதே சந்தேகம். போன தடவை வந்தபோதே சூடாகிப் புகை வந்தது. மாற்றிவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று பியூலாவிடம் சொன்னேன். அவள்தான் கேட்கவில்லை. கனமும் அதிகம்."

ஜெயசீலன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். ஒருவரைப் பற்றி, அதுவும் பெண் கொடுத்தவரைப் பற்றி, அஃறிணையில் பேசும் அளவுக்கு முப்பத்திரண்டாண்டு வெளிநாடு ஒருவனைக் கெடுத்துவிடுமா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. நான் நிமிர்ந்தபோது, பின்கட்டு வாசலில் துண்டால் கை துடைத்தபடி தேவசகாயம் நின்றிருந்தார்.

"சார்," என்றார் நிதானமாக. "புகை எல்லாம் வரலை சார். லேசா பிரஷர் இருக்கு. மாத்திரை சாப்பிடறேன்."

பெட்டி காரின் முன்னிருக்கையில் இருந்தது. அதை எடுத்து வந்து, பிளாஸ்திரியைக் காட்டி நான் விளக்கி முடிப்பதற்குள் கிரேஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா எழுத்து," என்றாள் பிறகு. பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு கனத்தை அவள் அவ்வளவு நேரம் வைத்திருந்தாள்.

தேவசகாயம் மட்டும் அன்று முழுவதும் தன்னை அந்தப் பெட்டியாகவே குறிப்பிட்டுக்கொண்டார். "பெட்டி கிளம்புது சார். சூடாகறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்."

4

அன்று மாலை பியூலாவின் கைப்பேசியை எடுத்தேன். திரை இருண்டிருந்தது. பைக்குள் மற்றக் கருவிகளின் நெருக்கத்தில் ஏதோ ஒரு பொத்தான் அழுந்தி, வழியெங்கும் எரிந்து எரிந்து பேட்டரி வற்றிப்போயிருந்தது. கவலைப்படவில்லை, சார்ஜர்கள் பதினான்கு இருக்கின்றன அல்லவா? எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். பதினான்காவதில் பெயர் இல்லை. அது என் மகளின் பழைய தொலைபேசிக்குரியது. இழுப்பறையில் கிடந்ததைக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். 'நான்' என்பதைக் காணோம்.

கிரேஸிடம் சொன்னேன். "பரவாயில்லை அத்தான்," என்றாள் உடனே. "நாளைக்கு தாம்பரம் மார்க்கெட்ல கெடைக்கும். செல்லுக்கெல்லாம் இப்ப ஒரே பின்னுதானே." அதைச் சொல்லும்போது கைப்பேசியைக் கையில் வாங்கி, இருண்ட திரையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பரவாயில்லை என்பவர்கள் அவ்வளவு நேரம் துடைப்பதில்லை.

ஜெபம் சனிக்கிழமை மாலை. அன்று வியாழன்.

வெள்ளி காலை ஜெயசீலனும் நானும் மேற்குத் தாம்பரம் சென்றோம். ஒரு பிளக் பாயிண்ட் இருந்த எங்கள் வீடு நின்ற தெருவில் இப்போது கைப்பேசிக் கடைகள் ஆறு. ஐந்தில் தலையாட்டி அனுப்பினார்கள். ஆறாவது கடையில் எல்லாரும் பாய் என்று அழைத்த நடுவயதுக்காரர், கைப்பேசியை வாங்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"இன்னா சார் செல்லு இது? சிம்மு போடற எடமே இல்ல?"

"இந்த மாதிரிப் போனுக்கு சிம் கிடையாது."

"சிம்மு இல்லாம எப்டி சார் பேசும்?"

"இது இனிமேல் பேச வேண்டாம். முன்னால் பேசியதைச் சொன்னால் போதும்."

பாய் என்னைப் பார்த்தார், பிறகு ஜெயசீலனைப் பார்த்தார். ஜெயசீலன் தாழ்ந்த குரலில் இரண்டு வாக்கியம் சொன்னார். பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "குந்துங்க சார்," என்றார். அடுத்த ஒரு மணி நேரம் அவர் வேறு எந்த வாடிக்கையாளரையும் கவனிக்கவில்லை. பத்துத் தலை கொண்ட கம்பி ஒன்றின் பத்துத் தலைகளையும் நுழைத்துப் பார்த்தார். பேட்டரியைத் தனியே கழற்றி, கவ்விப் பிடித்து மின்னேற்றும் கருவியில் மாட்டினார். பேட்டரியின் உலோகப் புள்ளிகள் பள்ளத்துக்குள் இருந்ததால் கவ்வி எட்டவில்லை. கடைசியில் சோதனைக் கம்பி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உசுரு கீது சார். கொஞ்சூண்டு கீது. ஆனா இந்தப் பின்னு எங்கிட்ட இல்ல. கண்ட வயர வுட்டுக் குத்தினா போர்டு பூடும். வேற செல்லா இருந்தா குத்திப் பாத்துடுவேன். இதுல மாட்டேன் சார். பேஜாராய்டும்."

அந்த மறுப்பைவிட மரியாதையான ஒன்றை அந்த ஆண்டில் நான் பெறவில்லை.

மாலையில் கனடாவுக்குத் தொலைபேசினேன், அங்கே காலை. எடுத்தது என் பேத்தி ரேச்சல்; நான் இல்லாத நாள்களில் அவளும் என் மகளும் என் வீட்டில் தங்கியிருந்தார்கள். பதினோரு வயது. ஒரு பருவம் மட்டும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவள். அதன் பிறகு சனிக்கிழமைகள் நீச்சலுக்குப் போய்விட்டன. நடந்ததைச் சொன்னேன்.

"தாத்தா, பாட்டி போன் செத்துப் போச்சா?"

பின்னணியில் என் மகள், "அப்படிச் சொல்லக் கூடாது ரேச்சல்," என்று ஆங்கிலத்தில் கண்டித்தாள். குழந்தையின் மேல் பிழையில்லை. அவள் சிந்திக்கும் மொழியில் கருவிகள் செத்துப்போகும். நம் மொழியில் சார்ஜ் இறங்கும், பிறகு ஏறும். காய்ச்சலும் விலையும் வெயிலும் ஏறி இறங்குவது போலத்தான் அதுவும். தமிழில் இதற்கெல்லாம் மீட்சி உண்டு என்று அவளுக்கு விளக்க விரும்பினேன். அழைப்பு அட்டையில் நிமிடங்கள் குறைவாக இருந்தன.

"சமையலறைச் சுவரில் ஒரு சார்ஜர் தொங்குகிறதா பார்," என்றேன்.

ஓடும் காலடி ஓசை. "இருக்கு தாத்தா. வெள்ளை டேப் ஒட்டியிருக்கு. இரு, நான் படிக்கறேன்." நெடிய இடைவெளி. "நா. அப்புறம் ஒரு... மேல டாட் இருக்கு. ன். நான்." தமிழ்ச் சொல் ஒன்றை அவள் தானாகப் படித்து நான் கேட்டது அதுவே முதல்முறை. "நான்னா பிரெட்தானே தாத்தா? ரெஸ்டாரண்ட்ல சாப்பிடுவோமே. பாட்டி ஏன் சார்ஜருக்கு பிரெட்னு பேர் வச்சாங்க?"

"அது ரொட்டி இல்லை அம்மா. இப்போதுதான் சொன்னாயே, 'நான் படிக்கறேன்' என்று. அந்த 'நான்'."

"ஓ," என்றாள். யோசித்தாள். "அப்போ பாட்டி நான்."

"ஆமாம்."

புறப்படும் கடைசி நிமிடம் வரை மின்னேற்றிவிட்டு, கைப்பேசியை மட்டும் பிடுங்கி எடுத்து வந்திருக்கிறேன். சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். ஐந்து வோல்ட் என்று படித்தாள். பக்கத்தில் ஒரு படம் இருக்கிறதா என்றேன். "ரெண்டு வட்டம் தாத்தா. உள்ள ஒரு புள்ளி. பிளஸ் உள்ள இருக்கு. மைனஸ் வெளிய இருக்கு."

"நிச்சயமாகவா?"

"பிளஸ் உள்ள, மைனஸ் வெளிய," என்று மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் கேட்டவன் நான்தான்.

5

அந்த உரையாடலை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தவர் தேவசகாயம். மறுநாள் ஜெபத்துக்கு நாற்காலிகள் இறக்க வந்திருந்தார்.

"அஞ்சு வோல்ட்டுதானே சார்? பட்டறையில டெஸ்ட் பண்ற பவர் சப்ளை ஒண்ணு கெடக்கு. எத்தனை வோல்ட் வேணுமோ திருகி வச்சுக்கலாம். பின்னுதான் வேணும், அவ்ளோதானே? பின்னு கடைஞ்சுக்கலாம்."

"தேவசகாயம், துருவம் மாறினால் எல்லாம் போய்விடும்," என்றேன். "பதினோரு வயதுப் பிள்ளை சொன்னதை நம்பி..."

"பெட்டிக்கு என் பேரை வச்சிருக்காங்க சார். அந்த மரியாதைக்காவது செஞ்சு பாக்க வேணாமா?"

சனிக்கிழமை காலை திருமுடிவாக்கத்தில், தகடு வெட்டும் ஓசைக்கு நடுவே, அவர் பித்தளைக் கம்பி ஒன்றைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி, குண்டூசி பருமனுக்குக் கடைந்தார். வெளிச்சுற்றுக்கு மெல்லிய செப்புத் தகட்டை உருட்டினார். இரண்டுக்கும் நடுவே மின்காப்புக்கு என் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை அறுத்துக்கொண்டார். மின்னழுத்தத்தை நான் மூன்று முறை அளந்தேன். பிறகு, என் தொழிலில் ஓர் அணைக்கட்டின் அடிமண்ணுக்கும் நான் காட்டியிராத தயக்கத்தோடு, "சரி," என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பின் சரியாகத்தான் நுழைந்தது. ஆனால் பிடிமானம் இல்லாமல் ஆடியது. தேவசகாயம் கட்டை விரலால் அதை ஒரு பக்கமாக அழுத்தினார். திரை ஒளிர்ந்தது. விரலை எடுத்தார், இருண்டது. அழுத்தினார், ஒளிர்ந்தது. அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தும் பேட்டரியில் எதுவும் தங்கவில்லை. ஆழமாக வற்றிய பழைய பேட்டரி அப்படித்தான்.

"சரி சார், விடுங்க," என்றார். "பட்டறைக்கு வீட்டுல இருக்கறவங்களைக் கூட்டிட்டு வர முடியாது. பவர் சப்ளையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவோம். பின்னை நான் பிடிச்சுக்கறேன்."

அன்று மாலை போதகர் ஜெபம் செய்து, கேக்கும் தேநீரும் முடிந்து, வந்தவர்களில் பலர் விடைபெற்ற பின், வீட்டு மனிதர்கள் சிலர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மேசை நடுவே பட்டறையின் எண்ணெய்க் கறையோடு பவர் சப்ளை. தேவசகாயம் ஞாயிறு ஆராதனைக்குப் போடும் சட்டையின் கையை மடித்துவிட்டு, கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்துக் கட்டை விரலால் பின்னை அழுத்திக்கொண்டார். ஒலிபெருக்கி சிறியது என்பதால் விசிறிகள் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அடுத்த நிமிடமே எல்லார் நெற்றியிலும் வியர்வை. யாரும் எழுந்து போகவில்லை.

எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியும். என் விரல் அதன் மேல் இருந்தது. கிரேஸ் என்னைப் பார்த்தாள். பிறகு என் விரலை மெல்ல நகர்த்திவிட்டு அவளே அழுத்தினாள்.

"ரெக்கார்ட் ஆகுதான்னு தெரியல," என்றது பியூலாவின் குரல். "லைட் எரியுது. சரி, கேளுங்க. பெரியவர் கம்ப்யூட்டர் பையில இருக்கார். மாப்பிள்ளை ஷேவிங் சாமானோட. சகலை ரெண்டு பேரையும் ஒரே கவர்ல போட்டிருக்கேன், மாத்தி மாட்டிட்டு வேலை செய்யலைன்னு என்னைத் திட்டாதீங்க. மாமியாருக்கு புது பேட்டரி போட்டாச்சு, சார்ஜர் வேணாம். சொன்னா கேக்க மாட்டீங்க, எடுத்துதான் வைப்பீங்க. சம்பந்தி கனமா இருக்கார்னு விட்டுட்டுப் போயிடாதீங்க. அங்க போனா எல்லாத்துக்கும் அவர்தான்."

தேவசகாயம் நிமிர்ந்தார். விரல் நகரவில்லை.

"கிரேஸுக்கு வாங்கின ஸ்வெட்டர் நீலப் பையில இருக்கு. மெட்ராஸ்ல எதுக்குக்கா ஸ்வெட்டர்னு கேப்பா. வருஷா வருஷம் மார்கழியில சளி பிடிச்சுத் தும்மறது அவளுக்கு ஞாபகமே இருக்காது. அப்புறம் என்னோடது. நான் கடைசி வரைக்கும் சுவத்துலதான் இருப்பேன். கெளம்பற அவசரத்துல உங்களுக்கு என் ஞாபகம் வராது. செல்லை மட்டும் பிடுங்கிட்டு ஓடுவீங்க. திரும்பி வந்து என்னையும் எடுத்துக்கோங்க. அவ்வளவுதான். இதை எப்படி நிறுத்தறது?"

நின்றது.

முதலில் சிரித்தவர் ஜெயசீலன். அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "சொன்ன மாதிரியே சுவத்துல விட்டுட்டு வந்திருக்கீங்களே," என்றார். பிறகு எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நீலப் பை என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஓராண்டாகத் திறக்கப்படாமல் இருப்பதைக் கிரேஸிடம் சொன்னேன். "எதுக்கு ஸ்வெட்டர்னு கேக்கத்தான் இருந்தேன் அத்தான்," என்றாள். கண்ணில் நீர் வழிந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள், துடைத்துக்கொள்ளவில்லை.

"எல்லாத்துக்கும் அவர்தான்னாங்களே, அது அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான், எனக்குத் தெரியும்," என்றார் தேவசகாயம். "இருந்தாலும் நான் எடுத்துக்கறேன் சார்." வியர்வை அவர் புருவத்திலிருந்து மேசையில் சொட்டியது. கட்டை விரலின் நகம் வெளுத்திருந்தது. "சார், இப்ப கையை எடுக்கலாமா?"

"எடுக்காதீங்கண்ணா," என்றாள் கிரேஸ். "இன்னொரு தடவை."

இம்முறை பொத்தானை நானே அழுத்தினேன்.